போர்ப் படங்களைச் சோதிக்கும் மென்பொருள்கள்: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

போர்ச் செய்தியோடு சேர்ந்து ஓடும் பொய்ப் படங்களில் பல, புதிதாக உருவாக்கியவை அல்ல. வேறு நாட்டுக் குண்டுவெடிப்பு, என்றோ நடந்த நிலநடுக்கம், கணினி விளையாட்டு: எதையாவது எடுத்துப் புதுத் தலைப்பை ஒட்டினால் வேலை முடிந்தது. 2022 பிப்ரவரியில் ‘கீவின் பேய்’ என்ற உக்ரைன் விமானியின் சாகசமாகப் பரவிய காட்சி, டி.சி.எஸ். வேர்ல்டு என்ற விமான விளையாட்டில் எடுத்தது. அந்த விமானியே கட்டுக்கதைதான் என்று உக்ரைன் விமானப்படை இரண்டு மாதம் கழித்துச் சொன்னது. இந்த மாதிரிப் பழைய சரக்கைப் பிடிக்க இலவசக் கருவிகளே போதும். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் வேறு வேலைக்காகச் செய்தவை. அது ஒவ்வொரு சொடுக்கிலும் தெரியும்.

முதலில் கூகுள் லென்ஸ். 2022இல் கூகுளின் பழைய படத்தேடலின் இடத்தை இது பிடித்தது. பழையது ‘இந்தப் படம் எங்கெல்லாம் இருக்கிறது’ என்று தேடும். இது ‘படத்தில் என்ன இருக்கிறது’ என்று தேடும். இடிந்த கட்டடத்தைக் கொடுத்தால் அதைப் போன்ற இடிபாடுகளை வரிசையாகக் காட்டும். சிப்பாய் படத்தைக் கொடுத்தால் அவர் போட்டிருக்கும் சட்டையை விற்கும் கடைகள் வரும். எரிச்சல்தான், ஆனால் வழி இருக்கிறது. படத்தின் மேல் இருக்கும் எழுத்து, கொடி, சேனல் முத்திரை எல்லாவற்றையும் முதலில் வெட்டித் தள்ளுங்கள். எழுத்து இருந்தால் லென்ஸ் படத்தை விட்டுவிட்டு எழுத்தைத் துரத்தும். பிறகு தேர்வுக் கட்டத்தின் மூலைகளை இழுத்து, மாறாத ஒன்றின் மேல் வையுங்கள்: கோபுர முனை, பாலத்தின் வளைவு, கடைப் பலகை. புகையையும் தீயையும் தேடிப் பயனில்லை, எல்லாப் புகையும் ஒன்றுபோல்தான் இருக்கும். முடிவுப் பக்கத்தில் ‘துல்லியப் பொருத்தங்கள்’ என்ற பிரிவுக்குப் போங்கள். அது இருக்கும் இடமும் பெயரும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

லென்ஸின் பெரிய குறை, தேதிப்படி அடுக்க முடியாதது. ஒரு படம் போருக்கு முன்பே இருந்ததா என்பதுதான் கேள்வியே. அதற்கு இதில் பொத்தான் இல்லை. கிடைத்த முடிவுகளிலிருந்து ஊர்ப் பெயரையோ நிகழ்வையோ எடுத்து, சாதாரண கூகுள் தேடலில் போட்டு, கருவிகள் என்ற பகுதியில் தேதி வரம்பைப் போர் தொடங்கிய நாளுக்கு முந்தைய நாளோடு முடித்துவிடுங்கள். இதிலும் ஒரு பொறி உண்டு. 2015இல் வந்த கட்டுரையின் பக்கவாட்டில் ‘இன்றைய செய்திகள்’ பெட்டி இருந்தால், அதில் இருக்கும் நேற்றைய படத்தையும் 2015 என்றே கூகுள் கணக்கில் வைக்கும். பக்கத்தைத் திறந்து, படம் கட்டுரைக்குள்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் ‘பழைய படம்’ என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

டின்ஐ என்ற படத்தேடல் தளம் 2008இலிருந்து இருக்கிறது. இது பொருளைத் தேடாது, அதே படத்தைத்தான் தேடும். வெட்டியது, நிறம் மாற்றியது, அளவு குறைத்தது எல்லாம் பிடிபடும். ‘மிகப் பழையது’ என்று வரிசைப்படுத்தலாம். ‘அதிகம் மாற்றப்பட்டது’ என்ற வரிசை அதைவிடச் சுவையானது, ஒட்டுவேலை செய்த பதிப்புகள் மேலே வந்து நிற்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: அது காட்டும் தேதி, டின்ஐ அந்தப் படத்தை முதலில் கண்ட தேதி. படம் வெளியானது அதற்கு முன்பே இருக்கலாம். சமூக ஊடகப் பக்கங்களுக்குள் இது அதிகம் நுழைவதில்லை என்பதால், நேற்று டெலிகிராமில் முளைத்த படத்துக்குப் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். பூஜ்யம் வந்தால் ‘படம் உண்மை’ என்று பொருள் இல்லை. இந்த ஒரு தவறான முடிவே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

யாண்டெக்ஸ் முகங்களையும் இடங்களையும் பிடிப்பதில் மற்ற இரண்டையும்விடக் கெட்டி. ஆனால் அது ரஷ்யச் சேவை. போர்ப் பகுதியில் இருக்கும் பொதுமக்களின் முகம் தெரியும் படத்தை அங்கே ஏற்றும் முன் முகத்தை மறைத்துவிடுங்கள், பின்னணி மட்டும் போதும்.

எதிலும் சிக்கவில்லை என்றால் படத்தை இடவலமாகத் திருப்பித் தேடுங்கள். தேடலை ஏமாற்றக் கண்ணாடிப் பிம்பமாக்குவது பழைய தந்திரம். பலகை எழுத்தோ வண்டி எண்ணோ இடவலம் மாறித் தெரிந்தால் சொல்லவே வேண்டாம். எழுத்தே இல்லையென்றால் ஆண்களின் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பாருங்கள், வழக்கமாக அது அணிந்தவரின் வலப் பக்கம் இருக்கும்.

இங்கே விண்டோஸ் தன் பங்குக்குத் தரும் தொல்லையையும் சொல்ல வேண்டும். உலாவியில் சேமித்த படம் சில கணினிகளில் ஜெபெக் என்ற வழக்கமான படக்கோப்பாக இறங்காமல், பெயரின் கடைசியில் ஜெ.எஃப்.ஐ.எஃப். என்ற நீட்சியோடு இறங்கும். பல தளங்கள் அதை ஏற்காது. உள்ளே இருப்பது ஜெபெக்தான், நீட்சியை மட்டும் ஜெ.பி.ஜி. என்று மாற்றினால் போதும். ஆனால் விண்டோஸ் நீட்சியை மறைத்தே வைத்திருக்கும். கோப்பு உலாவியின் ‘வியூ’ பட்டியலில் கோப்புப்பெயர் நீட்சிகளைக் காட்டச் சொன்ன பிறகே மாற்ற முடியும். இல்லாவிட்டால் ஒரே கோப்புக்கு இரண்டு நீட்சி ஒட்டிக்கொண்டு இன்னும் மோசமாகும்.

காணொளிக்கு இன்விட்-வீவெரிஃபை என்ற உலாவி நீட்டிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் உருவானது, செய்தி நிறுவனங்கள் பயன்படுத்துவது. இணைப்பை ஒட்டினால் காணொளியை முக்கியச் சட்டகங்களாக, அதாவது தனித்தனி ஃப்ரேம்களாக, பிரித்துத் தரும். ஒவ்வொன்றையும் வலச்சொடுக்கி எல்லாத் தேடுபொறிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். அனுப்பியும் ஒரே ஒரு தாவல்தான் திறக்கிறதா? உலாவி மற்றவற்றைத் துள்ளுசாளரம் (பாப்-அப்) என்று தடுத்திருக்கும். முகவரிப் பட்டையின் ஓரத்தில் அனுமதி கொடுங்கள். தளங்கள் அமைப்பை மாற்றும்போதெல்லாம் இணைப்பு வழி படுத்துவிடும். அப்போது காணொளியை இறக்கி, கணினியிலிருந்து கோப்பாகக் கொடுத்தால் ஓடும். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றை நிறுவ வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

சட்டகம் சட்டகமாகப் பார்க்க வி.எல்.சி. என்ற காணொளி இயக்கியில் ‘இ’ விசை, அதாவது ஆங்கில ஐந்தாம் எழுத்து, ஒவ்வொரு சட்டகமாக முன்னே நகர்த்தும். பின்னே நகர மூன்றாம் பதிப்பில் வழியே இல்லை. ஒரு சட்டகம் தாண்டிவிட்டால் சில நொடிகள் பின்னே குதித்து மறுபடி விசையைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். எம்.பி.வி. என்ற இயக்கியில் முற்றுப்புள்ளி முன்னே, காற்புள்ளி பின்னே. பார்க்க மொட்டையாக இருக்கும், பட்டியல்கள் கிடையாது, ஆனால் இந்த வேலைக்கு அதுதான் சரி. எதற்கு இவ்வளவு நுணுக்கம்? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். வெடிப்பின் ஒளிக்கும் ஓசைக்கும் நடுவே 90 சட்டகம் இருந்து, காணொளி நொடிக்கு 30 சட்டகம் என்றால், தூரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். தொடுவானத்தில் தெரியும் வெடிப்பின் ஓசை ஒளியோடு அதே சட்டகத்தில் வந்தால், அந்த ஓசையைப் பிற்பாடு யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

விளையாட்டுக் காட்சிகளைக் கண்டுபிடிக்க ஆர்மா 3 விளையாட்டைச் செய்த செக் நாட்டு பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனமே 2022 நவம்பரில் குறிப்புகள் வெளியிட்டது: மிகக் குறைந்த தெளிவு, ஆடும் கேமரா, இருட்டு, ஒலியின்மை, நடமாடும் மனிதர்கள் இல்லாமை, புகையிலும் வெடிப்பிலும் செயற்கைத்தன்மை. மங்கலாக இருப்பதே ஒரு தடயம். இன்றைய மலிவான தொலைபேசிகூட அவ்வளவு மங்கலாக எடுக்காது.

மெட்டாடேட்டாவுக்கு, அதாவது எடுத்த நேரம், இடம் போன்று கோப்புக்குள் பதிந்திருக்கும் தகவலுக்கு, எக்ஸிஃப் டூல் தான் அரசன், ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பது. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், எக்ஸ் எல்லாம் எடுத்த நேரத்தையும் இடத்தையும் துடைத்துவிடும். அனுப்பியவரிடம் ‘படமாக வேண்டாம், ஆவணமாக அனுப்புங்கள்’ என்று கேட்டு வாங்கினால்தான் அது தங்கும், டெலிகிராமிலும் அப்படியே. வாட்ஸ்அப் கோப்புப் பெயரில் இருக்கும் தேதியை எடுத்த தேதி என்று பலர் நம்புகிறார்கள். அது அந்தத் தொலைபேசிக்கு வந்த தேதி. விண்டோஸ் காட்டும் ‘உருவாக்கிய தேதி’யும் உங்கள் வட்டில் அது இறங்கிய நாள்தான்.

பிழையளவுப் பகுப்பாய்வு என்று ஒன்று, ஃபோட்டோஃபாரென்சிக்ஸ் தளத்தில் கிடைக்கும். படத்தை மறுபடி ஜெபெக்காகச் சுருக்கி, எந்தப் பகுதி எவ்வளவு மாறுகிறது என்று வெளிச்சமாகக் காட்டும். மூலக்கோப்பில் ஓரளவு பயன்படும். பத்துப் பேர் கைமாறிய படத்தில் எல்லாப் பகுதியும் ஒரே அளவுக்குச் சிதைந்திருக்கும். கூர்மையான விளிம்புகள் மட்டும் பளிச்சிடும், அதைப் பார்த்து ‘ஒட்டுவேலை’ என்று கிளம்பிவிடுவார்கள். செயற்கை நுண்ணறிவுப் படங்களைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் தளங்கள் இதைவிட மோசம். சதவீதம் ஒன்றைக் காட்டும், காரணம் சொல்லாது, சுருக்கிய படத்தைக் கொடுத்தால் எண் தாறுமாறாக மாறும். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

இடத்தை உறுதி செய்ய கூகுள் எர்த் புரோ, 2015 முதல் இலவசம். கடிகாரப் படத்தைச் சொடுக்கினால் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரும். அதைச் சொடுக்காமல் பார்ப்பது பல தேதிப் படங்களைத் தைத்த ஒட்டு. கீழே தெரியும் தேதியை நம்பி எதையும் சொல்லாதீர்கள். முப்பரிமாணக் கட்டட அடுக்கையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இடிந்த கட்டடம் முழுதாக நிற்கும். மென்பொருள் தொடங்கும்போதே நின்றுபோனால் அதன் பழுதுநீக்கியில் தற்காலிகச் சேமிப்பை அழித்து, வரைகலை முறையை ஓபன்ஜிஎல்லுக்கு மாற்றிப் பாருங்கள். ஆயுதக் கிடங்கு எரிகிறது என்ற செய்திக்கு நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடம்: விர்ஸ் உணரி 375 மீட்டர் துல்லியத்தில் தீப்புள்ளிகளைக் காட்டும். மேகம் இருந்தாலோ, செயற்கைக்கோள் கடக்கும் முன் தீ அணைந்தாலோ புள்ளி வராது. நிழலை வைத்து நேரம் பார்க்க சன்கால்க் என்ற தளம் நல்லது. ஆனால் ஆண்டில் இரண்டு முறை சூரியன் ஒரே பாதையில் போகும். ஏப்ரல் 20ஐ ஒட்டிய நிழலும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டிய நிழலும் ஒன்றுதான். மரத்தையும் உடையையும் பார்த்தே மாதத்தைப் பிரிக்க வேண்டும்.

இத்தனை கருவிகளும் சேர்ந்தாலும் பிடிக்க முடியாத வகை ஒன்று இருக்கிறது. அதுதான் அதிகம் பலித்த வகை. 1990 அக்டோபரில் நயிரா என்ற பெண், குவைத் மருத்துவமனையில் இராக்கியச் சிப்பாய்கள் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துப் போட்டதாக அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் அழுதார். காணொளி அசல், இடம் அசல், தேதி சரி. ஆனால் அந்தக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவர் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் பின்னணியில் இருந்ததும் 1992இல்தான் பரவலாகத் தெரிந்தது. எந்த நீட்டிப்பும் இதற்குச் சிவப்பு விளக்கு போட்டிருக்காது. சோவியத் புகைப்படக்காரர் யெவ்கெனி கால்தேய் 1945 மே மாதம் பெர்லினில் ரைக்ஸ்டாக் என்ற ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் எடுத்த சோவியத் கொடிப் படம் நேர்மாறான வகை: சிப்பாயின் கையில் இருந்த இரண்டாவது கடிகாரத்தைச் சுரண்டி எடுத்தார்கள், கொள்ளையடித்தது என்று தெரியக் கூடாதே! படத்தில் திருத்தம் உண்டு, பெர்லின் விழுந்ததும் உண்மை. ‘திருத்தப்பட்டது’ என்ற முத்திரையை மட்டும் கொடுக்கும் கருவி இந்த இரண்டிலும் உங்களைத் தவறான பக்கம் தள்ளும்.

கண்டதை உடனே சேமிக்க வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தின் ‘பக்கத்தைச் சேமி’ வசதி போதும். அதன் முகவரியில் வரும் 14 இலக்கம் உலகப் பொது நேரம், உங்கள் ஊர் நேரம் அல்ல. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே பதியும், திரைப்பிடிப்பும் எடுத்து வையுங்கள். எக்ஸ் பதிவுக்கு இன்னொரு வசதி: முகவரியின் கடைசியில் இருக்கும் நீண்ட எண்ணிலேயே நேரம் பொதிந்திருக்கிறது. அதை 4194304 ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, 1288834974657 ஐக் கூட்டினால் 1970 தொடக்கத்திலிருந்து எத்தனை மில்லிநொடி என்று வரும். எக்செலில் அதை 86400000 ஆல் வகுத்து 25569 ஐக் கூட்டி, கட்டத்தைத் தேதி வடிவுக்கு மாற்றினால் நேரம் தெரியும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் கடைசி நான்கையும் பூஜ்யமாக்கும். நேரக் கணக்கு அதனால் கெடாது, ஆனால் அந்த எண்ணைத் திரும்ப முகவரியில் ஒட்டினால் பதிவு திறக்காது. எண்ணை ஒட்டும் முன் கட்டத்தை உரை வடிவுக்கு மாற்றி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.