எக்லிப்ஸுக்குள் டொம்கெட்: ஹட்டனிலிருந்து ஓர் அனுபவம்

இலங்கை மலையகத்து ஹட்டனில் இருந்துகொண்டு ஜாவா மொழியில் இணையச் செயலி எழுதுகிறவனுக்குச் சேர்வர் தன் மடிக்கணினியிலேயே ஓட வேண்டும். இங்கே மழை இறங்கினால் சிக்னல் போய்விடுகிறது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. அப்போதும் பேட்டரி தாங்கும்வரை எனக்கு வேலை நடந்தது. நான் எழுதுவது சிறு தேயிலைத் தோட்டக்காரர்களின் கொழுந்து நிறுவைக் கணக்கு. சில வருடங்களாக, நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸில், ஜாவா இணையச் செயலிகளை ஓட்டும் சேர்வரான டொம்கெட்டை இணைத்துத்தான் அதை ஓட்டிப் பார்க்கிறேன்.

எக்லிப்ஸ் இலவசம் என்பதே முதல் காரணம். அதேபோன்ற இன்னொரு மென்பொருளான இன்டெலிஜே எழுதுவதற்குச் சுகமானதுதான். ஆனால் அதன் இலவசப் பதிப்பில் டொம்கெட் இணைப்பு நெடுங்காலம் இருக்கவில்லை.

புதிதாக வருபவர்களை மிரட்டுவது 404. சேர்வர் ஒழுங்காகத் தொடங்கியிருக்கும். உலாவியில் நம் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியை, டொம்கெட்டின் போர்ட் எண்ணான 8080-ஓடு அடித்தால் பக்கம் இல்லை என்று வரும். டொம்கெட்டின் வரவேற்புப் பக்கத்தில் வரும் பூனைப் படத்தைத் தேடி மறுபடி நிறுவிப் பார்ப்பவர்கள் உண்டு. பழுது எதுவும் இல்லை. எக்லிப்ஸ் நம் செயலியை டொம்கெட்டின் வெப்ஆப்ஸ் கோப்புறையில் வைப்பதில்லை. தன் பணியிடத்துக்குள் மறைவாக ஓர் இடத்தில் வைத்து அங்கிருந்து ஓட்டுகிறது. வரவேற்புப் பக்கம் அங்கே கிடையாது. முகவரியோடு செயலியின் பெயரையும் சேர்த்து அடித்தால் போதும்.

அடுத்த தொல்லை 45 விநாடி. அதற்குள் சேர்வர் எழாவிட்டால் எக்லிப்ஸ் அதை நிறுத்திவிடுகிறது. பழைய வன்தட்டுக் கணினியில் இது அநியாயம். சேர்வர் பெயரை இரட்டைச் சொடுக்குச் செய்து, திறக்கும் பக்கத்தில் தொடக்க நேர வரம்பைக் கூட்டிவிடுங்கள். நான் 180 வைத்திருக்கிறேன். எக்லிப்ஸ் திடீரென்று விழுந்தால் ஜாவா மட்டும் பின்னணியில் உயிரோடு இருந்து 8080 போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் அதை முடித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

டொம்கெட்டின் 9, 10 ஆம் பதிப்புகளின் விவகாரம் இவற்றைவிட மோசம், ஏனென்றால் அது சத்தமே போடாது. ஆரக்கிள் ஜாவா நிறுவனப் பதிப்பை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தபோது ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கும் பொதிகளை, அதாவது நிரல் தொகுதிகளை, அதே பெயரில் மேலும் மாற்றி வளர்க்க வழியில்லாமல் போனது. அதனால் டொம்கெட் 10 முதல் பொதிப் பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று தொடங்குகின்றன. பழைய பெயரில் எழுதிய சர்வ்லெட்டை, அதாவது உலாவியின் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரலை, அது கண்டுகொள்வதே இல்லை. பெரும்பாலும் சிவப்பு எழுத்து ஒன்றுகூட வராமல் 404 மட்டும் வரும். பழைய நிரல் கையில் இருந்தால் 9-ஐயே போடுங்கள். புதியது என்பதற்காக 10-க்குத் தாவுவது வீண் வேலை.

டேட்டாவை மிச்சம் பிடிக்க, நூலகங்களை இறக்கிச் செயலியைத் தொகுக்கும் கருவியான மேவனின் ஓஃப்லைன் அமைப்பு நன்றாக உதவுகிறது. நூலகங்களை நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிவிட்டால், பிறகு தொகுப்பதற்கு இணையம் வேண்டாம். புதிய நூலகம் சேர்க்கும் அன்று மட்டும் அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கொழுந்து நிறுக்கிற அக்காவுக்குப் பக்கத்தைக் காட்டவும் டேட்டா செலவில்லை. அவருடைய போனின் ஹொட்ஸ்பொட்டில் மடிக்கணினியை இணைத்து, அதற்குக் கிடைக்கும் ஐபி எண்ணை 8080, செயலியின் பெயர் இரண்டோடும் சேர்த்து அவர் போனில் அடித்தால் திறந்துவிடும். விண்டோஸின் தீச்சுவர் கேட்கும்போது ஜாவாவுக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். “தம்பி, கிலோ போடுற பெட்டியைப் பெருசாக்குங்க” என்றார். குளிருக்குக் கையுறை போட்டிருந்தார், ஆக்கிக் கொடுத்தேன்.