சாரல் காலப் பசிக்கு: பிரானூர் பரோட்டாவா, வயலோரக் கிரீன் கறியா?

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் சாலையில், ஒரு புறம் நெல்வயலும் மறுபுறம் டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறையுமாக இருக்கும் இடத்தில், தாய்லாந்து, சீன, ஜப்பானிய உணவுகளைக் கலந்து பரிமாறும் சிறிய உணவகம் ஒன்றில் அண்மையில் அம்மாவுடன் சாப்பிட்டேன். அங்கிருந்து சற்றுத் தொலைவிலேயே பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகள் இருப்பதால், குற்றாலத்தில் குளித்துவிட்டு வருபவர் இரண்டில் எதற்கு வண்டியைத் திருப்புவது என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. எல்லைக்கோடு மலைக்கு நகர்ந்த பின்னும் பிரானூரை விட்டுப் ‘பார்டர்’ என்ற பெயர் நகரவில்லை. அங்கே நாம் சொந்தம் கொண்டாடும் பரோட்டாவும் மைதா என்ற வெளியூர் மாவில் செய்வதுதான் என்பதால், வெளியூர்ச் சரக்கு என்று புதிய கடையை மட்டும் ஒதுக்குவதில் நியாயமில்லை.

பரோட்டாக் கடையின் பலம் வேகமும் கைப்பக்குவமும். கல்லில் எண்ணெயோடு வெந்த சிறு பரோட்டாக்களை அடுக்கி, மாஸ்டர் இரு கைகளாலும் ஓங்கி அடிக்கும்போது அடுக்குகள் இதழ் இதழாகப் பிரிகின்றன. இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவிட்டு, மிளகு தூக்கலான நாட்டுக்கோழியோடு உண்டால் அருவியில் நனைந்த உடம்பில் சூடு ஏறிவிடும். ஆனால் என் அம்மாவைப் போல மரக்கறி மட்டும் உண்பவருக்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

புதிய கடையில் என்னை வியக்க வைத்தது கிரீன் கறி. பச்சை மிளகாய், எலுமிச்சைப் புல், கலாங்கல் ஆகியவற்றை அரைத்துத் தேங்காய்ப் பாலில் வேகவைப்பது அது. கலாங்கல் வேறொன்றுமில்லை, நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் பேரரத்தைதான். வழக்கமாகச் சேர்க்கும் மீன் சாறும் இறால் விழுதும் இல்லாமல் அம்மாவுக்குத் தனியாகச் செய்து கொடுத்தார்கள். ஒரு வாய் உண்டவர், “ஏல, இது நம்ம சொதி மாதிரில்லா இருக்கு” என்றார். மறுவீட்டு விருந்தில் வைக்கும் தேங்காய்ப் பால் குழம்பான சொதியை அறிந்தவர்கள் அதை மறுக்க முடியாது. எனினும் செய்முறை நேர் எதிரானது: சொதியில் கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, திரிந்துவிடாமல் கொதிக்கும் முன்பே இறக்குகிறோம், தாய்லாந்தில் மரபாகக் கெட்டிப் பாலை முதலில் சட்டியில் ஊற்றி, எண்ணெய் பிரியும் வரை காய்ச்சி, அதில்தான் அரைத்த விழுதை வதக்குகிறார்கள். நம் வீட்டில் தவறாகிப் போவது அங்கே முதல் படி. இந்தக் கடையில் தேங்காயை அன்றன்று துருவிப் பிழிகிறார்கள் என்பது முதல் கரண்டியிலேயே தெரிந்தது.

மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நூடுல்ஸில் புட்டிச் சாஸின் புளிப்பைத் தவிர வேறு சுவை இல்லை; ராமென் சூப் சுடவே இல்லை. உணவு மேசைக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது, அந்த நேரத்தில் பிரானூரில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வீடு நோக்கிப் புறப்பட்டிருக்கலாம். ஒரு கிண்ணம் கிரீன் கறியின் விலைக்கு அங்கே இருவர் வயிறாரச் சாப்பிடலாம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே நண்பர்களோடு ஈரத் தலையுடன் வந்தால் நான் பிரானூருக்குத்தான் போவேன். அம்மாவோடு வந்தால், பசி கடுமையாவதற்கு முன்பே வயலோரக் கடைக்குப் போய்க் கிரீன் கறியும் சோறும் மட்டும் சொல்வேன். அன்று அவர் பழக்கதோஷத்தில் தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் கேட்டார். பரிமாறிய பையன் சற்று விழித்துவிட்டு, ஜப்பானிய முறையில் வினிகரில் ஊறவைத்த இஞ்சிச் சீவலைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தான். அம்மா அதை முகர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மீதிச் சோற்றை அதைத் தொட்டே முடித்தார்.