ஏ, எஸ், எம்: டயலை எங்கே நிறுத்துவது, படத்தை எதில் திருத்துவது?

புதிதாகக் கேமரா வாங்கியவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: டயலை எம் எழுத்துக்குத் திருப்பி எல்லா அளவுகளையும் கையாலேயே வைத்தால்தான் தொழில் கைவரும் என்பது அது. அனுபவம் உள்ளவர்கள் சொல்வதால் இதை மறுக்க யாருக்கும் துணிவு வருவதில்லை. ஆனால் கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலைக் கேமராவும் அதனுடன் வரும் 18-55 கிட் லென்ஸும் வைத்திருக்கும் ஒருவருக்கு டயலில் உள்ள மூன்று வழிகளும் தரும் பயனை அருகருகே வைத்துப் பார்த்தால், எம் மோடு தொடக்கப் பாடமாக இருக்கத் தகுதியுடையதா என்பதே கேள்வியாகிறது. கோப்பை ராவாகச் சேமிப்பதா ஜேபெக்காகச் சேமிப்பதா, திருத்துவதற்கு எந்த மென்பொருள் என்ற கேள்விகளும் இதே இடத்தில் வந்து சேர்கின்றன. எந்த முடிவைக் கேமராவிடம் விடுவது, எதை நாம் வைத்துக்கொள்வது என்பதே மூன்றிலும் உள்ள விஷயம்.

முதலில் ஏ மோடு. கேனானில் இது ஏவி என்று குறிக்கப்பட்டிருக்கும். அபெர்ச்சர் எனப்படும் லென்ஸ் துளையின் அளவை நாம் வைக்கிறோம். அதற்கேற்ற ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளியை எவ்வளவு நேரம் உள்ளே விடுவது என்பதை, கேமரா கணக்கிட்டுக்கொள்கிறது. பின்புலம் எவ்வளவு மங்க வேண்டும், முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இந்தத் துளைதான் என்பதால், ஒரு எண்ணை மாற்றினால் படத்தில் என்ன மாறுகிறது என்பதைக் கற்பவர் கண்ணால் பார்த்துவிட முடிகிறது. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். துளையின் அளவை எஃப் எண்ணால் குறிப்பார்கள்; எண் சிறிதானால் துளை பெரிது. கிட் லென்ஸ் 18 மி.மீ.யில் எஃப் 3.5 வரை திறக்கும், 55 மி.மீ.க்கு ஜூம் செய்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. முகத்தை நெருக்கமாக எடுக்க விரும்பும் இடத்தில்தான் துளை சுருங்குகிறது. ஆகவே ஏ மோடைப் பற்றிப் புகழ்ந்து சொல்லப்படும் ‘பின்புலம் வெண்ணெயாய்க் கரையும்’ படங்கள் இந்த லென்ஸில் எளிதில் வருவதில்லை. அவற்றை எதிர்பார்ப்பவர் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கிய பிறகே மோடைக் குறை சொல்ல வேண்டும்.

ஏ மோடின் உண்மையான பொறி வேறிடத்தில் இருக்கிறது. மாலை நேரத்தில் வீட்டு வாசற்படியில் அமர்ந்திருக்கும் பாட்டியைப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். அபெர்ச்சர் எஃப் 8, ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100 என்று பகலில் வைத்தது அப்படியே இருக்கிறது. கேமரா குறை சொல்லாமல் 1/15 நொடி என்று கணக்கிட்டுக் கொடுக்கிறது. வெளிச்சம் சரியாக விழுந்த படம் கிடைக்கும். ஆனால் பாட்டி சிரித்துத் தலையசைத்ததும் முகம் இழுபட்டிருக்கும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத் தாங்குமே தவிர, எதிரில் இருப்பவரின் அசைவைத் தாங்காது. இங்கே எஃப் 5.6-க்குத் திறந்தால் வேகம் 1/30 ஆகிறது. ஐஎஸ்ஓவை 400-க்கு உயர்த்தினால் 1/125 ஆகிறது. மூன்று அளவுகளும் ஒன்றோடொன்று எப்படிப் பேரம் பேசுகின்றன என்பதை இந்த ஒரு வாசற்படியிலேயே கற்றுவிடலாம். ஐஎஸ்ஓவைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தைக் குறிப்பிடும் வசதி மெனுவில் இருக்குமானால், அதை 1/125 என்று வைத்துவிட்டால் இந்தப் பொறியில் பெரும்பாலும் சிக்க வேண்டியதில்லை.

எஸ் மோடு, அதாவது கேனான் டயலில் டிவி (Tv) என்று குறிக்கப்பட்டிருப்பது, ஷட்டர் வேகத்தை நம் கையில் கொடுத்துத் துளையைக் கேமராவிடம் விடுகிறது. காளையும் பந்தும் ஓடும் இடங்களுக்கு 1/1000 நொடி என்று வைத்துவிட்டுக் காட்சியில் மட்டும் கவனம் செலுத்தலாம் என்பது இதன் பலம். ஆனால் துளைக்கு இரு புறமும் எல்லை உண்டு என்பதைக் கற்பவர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார். மங்கிய மண்டபத்துக்குள் அதே 1/1000-ஐ வைத்தால், லென்ஸ் இதற்கு மேல் திறக்க வழியின்றி அபெர்ச்சர் எண் மின்னத் தொடங்கும். கவனிக்காமல் எடுத்தால் படம் இருட்டாகவே வரும். குற்றாலத்து அருவியைப் பாலாக வழியவிட ஆசைப்பட்டு உச்சி வெயிலில் அரை நொடி வைத்தால் இதற்கு நேரெதிரானது நடக்கும். நேர் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்றால் வேகம் ஏறத்தாழ 1/100 நொடி என்பது பிலிம் காலத்துப் பழைய கணக்கு. எஃப் 22 வரை சுருக்கினாலும் 1/50-தான் கிடைக்கும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் அரை நொடி அங்கே நடவாத காரியம். எஸ் மோடு தேவைப்படும் காட்சிகள் குறைவு; தேவைப்படும்போது மட்டும் டயலைத் திருப்பினால் போதும்.

இனி எம். இதைத் தொடக்கப் பாடமாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை என்பதற்குக் காரணம் அது கடினமானது என்பதல்ல. பெரும்பாலான தொடக்கநிலையாளர்கள் எம் மோடில் செய்வது இதுதான்: வியூஃபைண்டரின் கீழே உள்ள அளவுகோலில் முள் நடுவில் வரும்வரை வேகத்தையோ துளையையோ திருகுகிறார்கள், முள் பூஜ்யத்துக்கு வந்ததும் பொத்தானை அழுத்துகிறார்கள். அந்த முள்ளைக் காட்டுவது ஏ மோடில் கணக்குப் போடும் அதே ஒளிமானிதான். ஆகவே கேமரா ஒரு கணத்தில் போட்டுவிடும் கணக்கை மனிதர் சில நொடிகள் எடுத்துப் போட்டு, அதே விடைக்கு வந்து சேர்கிறார். இடையில் பாட்டி சிரித்து முடித்துவிட்டிருப்பார். விடை தவறாக இருக்கும் இடங்களிலும் இரண்டும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றன. ஒளிமானி தன் முன்னால் இருப்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக்கொள்ளும் என்பதால், பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளையை நெருக்கமாக எடுத்தால் வேட்டி அழுக்குச் சாம்பலாகவும், எண்ணெய் ஏறிய கருங்கல் தூண் சிற்பத்தை எடுத்தால் கல் வெளுத்தும் போகும். முள்ளை நடுவில் நிறுத்திய எம் மோடு இதிலிருந்து யாரையும் காப்பாற்றியதில்லை. காப்பாற்றுவது எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் எனப்படும் கூட்டல் கழித்தல் பொத்தான்தான். வேட்டிக்குக் கூட்டல் ஒன்று, கருங்கல்லுக்குக் கழித்தல் ஒன்று என்று தொடங்கி, படத்தின் இருள்-வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துச் சரிசெய்வதே ஒளியைக் கற்பதற்கு உரிய வழி. ஏ மோடும் இந்தப் பொத்தானும் சேர்ந்து கற்பிப்பதை எம் மோடு மட்டும் தனியே கற்பிப்பதில்லை.

எம் உண்மையிலேயே வெல்லும் இடங்கள் உண்டு; அவற்றில் மார்கழி மாதத்துச் சபா மேடை தலையாயது. ஆடுபவர் மேல் விழும் விளக்கு ஒரே சீராக இருக்கிறது. பின்னால் கறுப்புத் திரை. ஆடுபவர் நெருங்கி வந்தால் சட்டத்தில் கறுப்பு குறைகிறது, விலகினால் கூடுகிறது. அதற்கேற்பக் கேமராவின் கணக்கு ஒவ்வொரு படத்துக்கும் ஆடுகிறது. கறுப்பு மிகும்போதெல்லாம் முகம் வெளுத்துவிடும். இங்கே ஐஎஸ்ஓவையும் ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டு, 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2.2, 1/250, ஐஎஸ்ஓ 1600 போன்ற ஓர் அளவை வைத்து, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்திக்கொண்டால், விளக்கு மாறும்வரை அளவுகளைத் தொட வேண்டியதில்லை. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிட்டு ‘நான் எம் மோடில் எடுக்கிறேன்’ என்பவர், தெரியாமலேயே கணக்கைக் கேமராவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஃபிளாஷ் பயன்படுத்தும்போதும், முக்காலியில் இரவுப் படம் எடுக்கும்போதும், பல படங்களை ஒட்டி அகலப் படம் உருவாக்கும்போதும் எம் தேவைப்படும். சிறு மண்டபங்களின் விளக்குகளைப் பற்றி இடையில் ஒரு சொல்: நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் மலிவான எல்இடி விளக்குகளும் குழல்விளக்குகளும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன, 1/500 போன்ற வேகத்தில் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழுந்தால் கேமராவைச் சந்தேகிக்காமல் 1/100-க்கு இறங்கிப் பார்க்கலாம்.

கோப்பு வகைக்கு வருவோம். ஜேபெக் என்பது கேமராவே திருத்தி முடித்துக் கொடுக்கும் படம். ரா என்பது சென்சார் கண்டதை அநேகமாக அப்படியே வைத்திருக்கும் பதிவு. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. 14 பிட் ராவில் 16,384 படிகள். நிழலில் கறுத்துவிட்ட முகத்தைப் பின்னால் வெளிச்சமாக்கும்போது ஜேபெக்கில் தோல் திட்டுத்திட்டாகிப் போவதும் ராவில் ஓரளவு மீண்டு வருவதும் இதனால்தான். கல்யாண மண்டபத்து மஞ்சள் விளக்கில் எல்லார் முகமும் மஞ்சள் பூசியதுபோல் வந்துவிட்டால், ராவில் வெள்ளைச் சமநிலையை (விளக்கின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை) படம் எடுத்த பிறகும் தரம் குறையாமல் மாற்றலாம்; ஜேபெக்கில் மஞ்சளைக் குறைத்தால் பட்டுப்புடவையின் நிறமும் சேர்ந்து நகர்ந்துவிடும். ஆனால் ரா எல்லாவற்றையும் மீட்கும் என்பது மிகை. சென்சார் நிரம்பி முற்றிலும் வெளுத்துவிட்ட வானத்தில் மீட்பதற்கு ஒன்றுமே பதிவாகியிருக்காது.

இதில் என் பரிந்துரை இரண்டையும் சேர்த்துச் சேமிப்பது. 24 மெகாபிக்சல் ரா ஒன்று சுமார் 25 முதல் 30 எம்பி வரை இடம் பிடிக்கும் என்பதால் கார்டு விரைவில் நிரம்பும். ஆனால் கற்பவருக்கு அந்த ஜேபெக்தான் விடைத்தாள். ராவைத் திறந்ததும் நிறம் வற்றிப்போய்த் தெரியும் படத்தை, பக்கத்திலேயே உள்ள ஜேபெக்கின் நிலைக்குக் கொண்டுவர முயலும்போது, கேமரா எந்தெந்த இடத்தில் கான்ட்ராஸ்டைக் கூட்டியது, எங்கே கூர்மையாக்கியது என்பது புரிய வரும். அதைத் தாண்டி ஒரு படத்தைத் தானே செய்ய முடிந்தவர் ஜேபெக்கை நிறுத்திவிடலாம். மறுநாளே படங்களை அனுப்பியாக வேண்டியவருக்கும், திருத்த நேரமே ஒதுக்காதவருக்கும் ஜேபெக் ஒன்றே போதும். திறக்கப்படாத ராக்கள் வன்தட்டை அடைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

மென்பொருளில் பேச்சு வழக்கமாக அடோபி லைட்ரூமுக்கும் டார்க்டேபிளுக்கும் இடையே நிற்கும். 2007-இல் வந்த லைட்ரூமின் பலம் அதன் ஒழுங்கு. எக்ஸ்போஷர், ஹைலைட்ஸ், ஷேடோஸ், வைட்ஸ், பிளாக்ஸ் என்று மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே வந்தால் ஓரளவு நல்ல படம் வந்துவிடும். சந்தா முறையில் மட்டுமே கிடைக்கிறது என்பது அதன் சுமை. சந்தாவை நிறுத்தினால் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். டார்க்டேபிள் முற்றிலும் இலவசம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும், அசல் கோப்பைத் தொடாமல் திருத்தங்களைத் தனிக் கோப்பில் எழுதி வைக்கும். ஆனால் திறந்த மாத்திரத்தில் டஜன் கணக்கில் மாட்யூல்கள், அதாவது தனித்தனித் திருத்தக் கருவிகள், முன்னால் வந்து நிற்கும். எக்ஸ்போஷர், கலர் கேலிப்ரேஷன், சிக்மாய்டு, கிராப் என்ற நான்கை மட்டும் வைத்துத் தொடங்குபவர் தப்பிப்பார். டார்க்டேபிளின் இப்போதைய பதிப்புகளில் நிறச் சரிசெய்தல் கலர் கேலிப்ரேஷனில் நடக்கிறது. பெயரைப் பார்த்து ஒயிட் பேலன்ஸ் மாட்யூலையும் சேர்த்துத் திருகினால் இரண்டும் மோதி நிறம் கெடும். மென்பொருளே எச்சரிக்கையும் காட்டும்.

இந்த இரண்டுக்கும் முன்னால் பலர் கண்டுகொள்ளாத மூன்றாவது ஒன்று உண்டு: கேமரா நிறுவனமே இலவசமாகத் தரும் மென்பொருள். கேனானுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு 2021-இல் வந்த என்எக்ஸ் ஸ்டுடியோ. வேகம் குறைவு, முகப்பில் அழகும் இல்லை. இருந்தும் ராவைத் திறந்ததும் அது கேமராத் திரையில் பார்த்த நிறத்திலேயே வருகிறது. கேமரா மெனுவில் உள்ள பிக்சர் ஸ்டைலையும் (நிக்கானில் பிக்சர் கன்ட்ரோல்) வெள்ளைச் சமநிலையையும் அதே பெயர்களில் இங்கே மாற்றிப் பார்க்கலாம். எடுத்த பிறகு மெனுவைத் திரும்பத் திறந்து பார்ப்பதற்கு நிகரான இந்த வசதியை மற்ற இரண்டும் இவ்வளவு நேராகத் தருவதில்லை. ஆகவே கற்பவருக்கு முதலில் இது, ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து திருத்தும் தேவை வந்த பிறகு டார்க்டேபிளோ லைட்ரூமோ என்பதே என் வரிசை. அந்தக் கட்டத்தில் பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர் டார்க்டேபிளுக்கும், நேரத்தை மிச்சப்படுத்த நினைப்பவர் லைட்ரூமுக்கும் போகலாம்.

கைபேசியில் உள்ள ஸ்னாப்சீடை இந்த வரிசையில் சேர்க்காததற்குக் காரணம் அதன் தரக்குறைவு அன்று. இலவசச் செயலிகளில் அதற்கு இணை குறைவு. லைட்ரூமிலும் டார்க்டேபிளிலும் எக்ஸ்போஷரைக் கூட்டல் ஒன்று என்று நகர்த்தினால் அது ஒரு ஸ்டாப். அதாவது ஷட்டர் வேகத்தை 1/250-இலிருந்து 1/125-க்கு இறக்குவதற்குச் சமமான வெளிச்சம். ‘இந்தப் படத்துக்கு ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டியிருந்தது’ என்று திரையில் கண்டவர், அடுத்த முறை காம்பன்சேஷன் பொத்தானில் அதையே வைப்பார். ஸ்னாப்சீடின் டியூன் இமேஜ் பகுதியில் பிரைட்னஸ் கழித்தல் 100 முதல் கூட்டல் 100 வரை ஓடுகிறது; அதில் 40 என்பது கேமராவில் எத்தனை ஸ்டாப் என்று சொல்ல வழியில்லை. கைபேசியிலேயே படமெடுத்து அங்கேயே திருத்துபவருக்கு இது ஒரு குறையே அல்ல. கேமராவின் டயலைக் கற்றுக்கொள்வதற்காகத் திருத்த உட்காருபவருக்குத்தான் அந்த எண் உதவாமல் போகிறது.