அத்தான் குடிக்கிறார், அக்கா யாரிடம் போவது?

காலை ஏழு மணிக்கு அக்கா மேசனுக்குப் போன் எடுப்பாள். "அவருக்குக் காய்ச்சல், இன்றைக்கு வரமாட்டார்." அத்தான் பாயில் கிடப்பார், அறை முழுக்கக் கசிப்பு வாடை. மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடியில் எங்கள் வளவுக்குள் நான்கு வீடுகள். யாருக்கும் தெரியாது என்று அவள் நம்பினாள். எல்லோருக்கும் தெரியும்.

குடிப்பவருக்கு ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் இருக்கிறது. பக்கத்தில் கிடந்து நித்திரை கெடுகிறவளுக்கு என்ன இருக்கிறது? அவளுக்காக மூன்று வழிகளைத் தேடிப் பார்த்தேன்.

எங்கள் ஊருக்குப் பழகியது முதலாவது வழி. மாமாமார், கோயில் பெரியவர்கள், மாதர் சங்கத்தார் என்று கூட்டி வைத்து நாலு பேர் முன்னால் கேட்பது. அமெரிக்காவிலும் இதற்கு ஒரு முறை உண்டு, பெயர் ஜோன்சன் முறை. எங்களிடம் நடந்தபோது அத்தான் தலைகுனிந்து சத்தியம் செய்தார். ஐந்தாம் நாள் முன்னிலும் கூடக் குடித்துவிட்டு வந்தார். அவமானம் ஒருவரைக் குடியிலிருந்து மீட்டதை நான் கண்டதில்லை.

இரண்டாவது அல்-அனான். குடிப்பவர்கள் தாங்களே கூடி மீளும் இயக்கம் 1935இல் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், கணவர் குடியை விட்ட பிறகும் தன் கோபம் அடங்காததைக் கண்டார். ஒருநாள் சப்பாத்தைத் தூக்கி அவர்மீது எறிந்தாராம். நோய் தன்னையும் பிடித்திருக்கிறது என்று விளங்கிக்கொண்ட அவர், 1951இல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து குடும்பத்தாருக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார். இந்தக் குடியை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது என்பதுதான் அங்கே முதற்பாடம். கட்டணம் கிடையாது, உள்ளே பேசியது வெளியே போகக்கூடாது. குடிகாரரின் உறவினர் இரண்டு பேர் சேர்ந்தாலே ஒரு குழு. இளம் பிள்ளைகளுக்கு 1957 முதல் அலட்டீன் என்று தனியாக உண்டு.

ஆனால் எங்கள் ஊரில் பெயர் சொல்லாமல் இருப்பது எப்படி? குரலைக் கேட்டே இன்னாரின் மகள் என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே, குழு வைப்பதென்றால் ஒரு துறை தள்ளியுள்ள ஊரில் வைக்கவேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கும் பெண் மேற்கே படுவான்கரைக்குப் போகட்டும்.

மூன்றாவது கிராஃப்ட். ரொபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர் குடும்பத்தாருக்காக உருவாக்கிய பயிற்சி. அக்காவுக்கு அது சொல்வது இதுதான். அத்தான் குடிக்காமல் வந்த இரவில் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்து முற்றத்தில் கூட இரு. குடித்து வந்தால் சண்டை வேண்டாம், பிள்ளைகளோடு போய்ப் படு. குடியின் விளைவை நீ துடைத்துக் கழுவாதே. விடிந்து அவர் தானே நொந்திருக்கும் நேரம் பார்த்து, "நாளை கிளினிக்குக்கு நானும் வருகிறேன், வாருங்கள்" என்று சொல்.

1999இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று முறைகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். குடிப்பவர் சிகிச்சைக்குப் போனது கிராஃப்ட் வழியில் 64 வீதம், ஜோன்சன் வழியில் 30, அல்-அனான் வழியில் 13. கூட்டி வைத்துக் கேட்கச் சொன்ன குடும்பங்களில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தையே நடத்தவில்லை. ஆனால் 13ஐப் பார்த்து அல்-அனானைத் தள்ளிவிடக்கூடாது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அதன் வேலையே அல்ல, அவளை நித்திரைகொள்ள வைப்பதுதான் அதன் வேலை. மூன்று வழியிலும் குடும்பத்தாரின் மனம் ஓரளவு தேறியதாகவே அந்த ஆய்வு சொல்கிறது.

என்னைக் கேட்டால் முதலில் குழு, பிறகு கிராஃப்ட். நித்திரை இல்லாதவளால் நேரம் பார்த்துப் பேச முடியாது. அடி விழுகிற வீட்டில் மட்டும் இந்த வரிசை செல்லாது. அங்கே பாதுகாப்பு முதலில். இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். மட்டக்களப்பில் வீடு பெரும்பாலும் பெண்ணின் சீதனம், வெளியேற வேண்டியவள் அவள் அல்ல.

இன்னொன்று. நாள்தோறும் நிறையக் குடித்தவரைப் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். வைத்தியரிடம் கேட்டே நிறுத்தவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

போன திங்கட்கிழமை அக்கா போன் எடுக்கவில்லை. ஏழரைக்கு மேசனே எடுத்தார். அவள் போனைக் கொண்டுபோய் அத்தானின் பாயருகே வைத்துவிட்டு, பிள்ளைக்குத் தலை சீவப் போய்விட்டாள்.