பழைய ஃபிளாட்டா, புது டவரா: 80 லட்சத்தில் மண் எவ்வளவு?

சென்னையில் 80 லட்சத்தை வீட்டில் போட நினைப்பவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழி நிற்கும். நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம் இருபது வயதான மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு ரீசேல் ஃபிளாட். இல்லையென்றால் ஓ.எம்.ஆரில் படூர், கேளம்பாக்கம் பக்கம் எழும்பும் டவரில் ஒன்று. நீச்சல்குளம், ஜிம், ஜெனரேட்டர், செக்யூரிட்டி எல்லாம் டவருக்குத்தான்; அதில் வாதம் இல்லை. குடியிருக்க வாங்குகிறவர் அதைப் பார்த்தே முடிவெடுக்கலாம். முதலீடு என்றால் என் ஓட்டு பழைய ஃபிளாட்டுக்கு. காரணம் யுடிஎஸ், அதாவது கட்டடம் நிற்கும் மனையில் உங்கள் ஃபிளாட்டுக்குச் சேரும் பங்கு; பத்திரத்தில் ‘பிரிபடாத பாகம்’ என்று வரும் அந்த ஒற்றை எண்.

கட்டடம் தேயும், மண் ஏறும். ஃபிளாட் விலை ஏறியது என்று சொல்வதில் பெரும்பகுதி அடியில் இருக்கும் நிலத்தின் ஏற்றம்தான். மூன்று மாடிக் கட்டடத்தில் 900 சதுர அடி ஃபிளாட்டுக்கு 450 முதல் 550 சதுர அடி வரை யுடிஎஸ் கிடைக்கும். உயரக் கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, அடிப்படையிலேயே 3.25 வரை உண்டு; அதே மண்ணை அதிக வீடுகள் பங்கு போடும். அதோடு லாபி, கிளப் ஹவுஸ் என்று பொது இடங்களையும் ஃபிளாட்டின் அளவில் (சூப்பர் பில்டப்) ஏற்றுவதைச் சேர்த்தால், 1,150 சதுர அடி ஃபிளாட்டுக்கு 330 சதுர அடி வந்தாலே பெரிது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழையதில் 520 சதுர அடி, அந்தத் தெருவில் மனை விலை சதுர அடிக்கு 11,000 என்று வைத்தால், நிலம் மட்டும் 57 லட்சம். டவரில் 330 சதுர அடி, அங்கே 6,000 என்றால் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மீதி 60 லட்சம் கான்கிரீட்டும் டைல்ஸும். வருடா வருடம் வயது கூடுகிற சரக்கு. விலைகளை உங்கள் ஏரியாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், விகிதம் பெரிதாக மாறாது.

விற்கும்போது இன்னொரு சிக்கல். டவரில் உங்கள் ஃபிளாட் போலவே அச்சில் வார்த்த மாதிரி முப்பது நாற்பது ஃபிளாட் இருக்கும். அதில் ஐந்தாறு எப்போதும் விற்பனையில் இருக்கும். அதே பில்டர் பக்கத்திலேயே அடுத்த ஃபேஸைத் திறந்து, சலுகையும் கொடுத்துக்கொண்டிருப்பார். அவரோடு விலையில் போட்டி போடுவது உங்கள் பாடு.

செலவிலும் வித்தியாசம் உண்டு. ரீசேலுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு. புது ஃபிளாட்டின் முதல் விற்பனை 50 லட்சத்துக்கு மேல் 3 கோடிக்குள் என்றால் 5 + 2. ஆனால் கட்டி முடிக்கும் முன் வாங்கினால் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து 12 ஆகிவிடும். நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. வாடகை இரண்டிலும் போட்ட பணத்துக்குச் சொற்பம்தான். டவரில் ஆள் சீக்கிரம் வருவார்கள், ஆனால் வீடு காலியாக இருக்கும் மாதங்களிலும் மெயின்டனன்ஸ் உங்கள் தலையில்.

பழையதில் ஏமாறும் இடங்களும் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. முதலில் யுடிஎஸ் கூட்டல். அந்த சர்வே எண்ணுக்கு 30 வருட வில்லங்கச் சான்று எடுத்து, எல்லா ஃபிளாட்டின் பாகத்தையும் கூட்டுங்கள். மொத்த மனை 4,800, கூட்டினால் 4,300 என்றால் அந்த 500 இன்னும் பழைய நிலச்சொந்தக்காரர் பெயரிலோ பில்டர் பெயரிலோ இருக்கிறது; இடித்துக் கட்டும்போது பங்கு கேட்டு வருவார். கூட்டல் 4,800-ஐத் தாண்டினால் இன்னும் மோசம், இல்லாத மண்ணை விற்றிருக்கிறார்கள்.

அடுத்து, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி வரைபடத்தில் எத்தனை மாடி, எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி, மொட்டை மாடியில் நான்காவதாக ஒரு வீடு முளைத்திருக்கும். அந்த வீட்டை மலிவாகக் கொடுப்பார்கள். வங்கி கடன் தராது. மொட்டை மாடி உரிமையைப் பில்டர் தன்னிடம் வைத்துக்கொண்டாரா என்பதையும் பழைய பத்திரத்தில் வரி வரியாகத் தேடுங்கள்.

கட்டடத்தைப் பார்க்கப் போனால் மாடி ஏறும் முன் கார் நிறுத்தும் இடத்திலேயே நில்லுங்கள். தூண்களில் மேலிருந்து கீழாக, கம்பி ஓடும் போக்கிலேயே விரிசல் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதுகிறது என்று அர்த்தம். சாவியால் தட்டுங்கள்; டொப் டொப் என்று பொள்ளல் சத்தம் வந்தால் மேல்பூச்சோ கான்கிரீட்டோ கழன்று நிற்கிறது. மேல் வீட்டுப் பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள சீலிங், மொட்டை மாடித் தட்டோடு, இரண்டையும் விடாதீர்கள். சீலிங்கில் ஒரு இடம் பெயர்ந்திருந்தால் துருவைச் சுரண்டி, பாலிமர் கலவை பூசிச் சமாளிக்கலாம். தூண்களுக்கு ஜாக்கெட்டிங், அதாவது சுற்றிலும் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுப் பலப்படுத்துவது, என்று ஆரம்பித்தால் எல்லா வீட்டுக்காரரும் பணம் எடுக்க வேண்டும், அங்கேதான் சண்டை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலோரம் என்றால் உப்புக்காற்றுக்கு இந்தச் சோதனை இரட்டிப்பு அவசியம்.

இடித்துக் கட்டுவார்கள் என்ற கனவை மட்டும் நம்பி விலையை ஏற்றிக் கொடுக்க வேண்டாம். 2022-ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் போதும். ஆனால் மறுக்கிற ஒருவர் கோர்ட்டுக்குப் போனால் எத்தனை வருடம் இழுக்கும் என்று எவரும் உறுதி சொல்ல மாட்டார்கள். ஆறு, எட்டு வீடு உள்ள கட்டடம் என்றால் பேசி முடிக்கலாம். நாற்பது வீடு என்றால் தள்ளிப்போவதே பாதுகாப்பு.

மாதத் தவணை அடைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவருக்கு, கூட்டத்துக்குப் போய்க் குழாய் ரிப்பேர் பேச ஆள் இல்லாதவருக்கு, டவர் சௌகரியம். மற்றவர்கள் புரோக்கரிடம் முதல் கேள்வியாக எத்தனை பெட்ரூம் என்று கேட்காமல் யுடிஎஸ் எவ்வளவு என்று கேளுங்கள். 900 சதுர அடிக்கு 400-க்குக் கீழே சொன்னால் பார்க்கவே போக வேண்டாம். சரியான எண் சொன்னாலும், பத்திர நகல் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் நீட்டாதீர்கள்.