இன்சுலின் சிரிஞ்சு எல்லாம் ஒண்டில்லை, பூனைக்கு ஊசி போடுறவங்க கவனம்

திருகோணமலையில யாராவது வீட்டுப் பூனைக்கு இன்சுலின் போடுறீங்க எண்டா இண்டைக்குப் பின்னேர ஊசிக்கு முதல் இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் போடுங்க. பிழையான சிரிஞ்சு வித்த கடைப்பேர் போட மாட்டன், இன்பொக்ஸில வந்து கேக்கவும் வேணாம். எப்பிடி ஏமாந்தன் எண்டது தெரிஞ்சால் காணும்.

எங்கட பொன்னனுக்கு பதினொரு வயசு, நாலரைக் கிலோ. கொஞ்ச மாசத்துக்கு முதல் குடம் குடமாத் தண்ணி குடிக்கத் தொடங்கினான், மண் தட்டு விடிய விடிய சேறு, பிறகு பாத்தால் பின்னங்கால் குதி நிலத்தில பட முயல் மாதிரி நடக்கிறான், வயசு போச்சு வாதமாக்கும் எண்டு நாங்களும் சும்மா இருந்திட்டம். கடைசியில கூடைக்க வச்சுக் கண்டி பஸ் ஏறி பேராதனை மிருக வைத்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம், வழி முழுக்க அவன் கத்தின கத்தில பஸ்ஸில ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்லை. சீனி வருத்தம் எண்டாங்க. பூனைக்குப் பயத்திலயே சீனி ஏறுமாம், அதால கொஞ்ச நாளாச் சீனி எப்பிடி இருந்தது எண்டு காட்டுற ஃபிரக்டோசமின் எண்ட இன்னொரு ரத்த டெஸ்டும் எடுத்துத்தான் உறுதியாச் சொன்னவங்க. கிளார்ஜின் இன்சுலின், காலமை 1 யூனிட், பின்னேரம் 1 யூனிட்.

சொல்லேக்க லேசா இருந்தது. எங்களுக்குத் தந்தது யூ-100, அதாவது ஒரு மில்லியில 100 யூனிட். அப்ப 1 யூனிட் எண்டா 0.01 மில்லி. ஒரு சொட்டுத் தண்ணியே 0.05 மில்லி கிட்ட வரும், அந்தச் சொட்டை அஞ்சாப் பிரிச்சு அதில ஒரு பங்குதான் இவன்ட மருந்து. வீட்டில கிடந்தது மாமிக்குப் போடுற ஒரு மில்லி சிரிஞ்சு, அதில 100 வரைக்கும் நம்பர் இருக்கும் ஆனா ஒரு கோட்டுக்கு 2 யூனிட், அப்ப எங்களுக்கு வேண்டியது அரைக் கோடு. இவர் டோர்ச் பிடிக்க நான் கண்ணாடி போட்டுக்கொண்டு அரைக் கோட்டைத் தேடினதை நினைச்சால் இப்ப சிரிப்பு வருது, ஒரு சின்ன குமிழ் உள்ள போனாலே பாதி மருந்து இல்லை.

இதுக்காகத்தான் டவுனுக்க ஒரு பாமசிக்குப் போய் சின்னக் கோடு போட்ட சிரிஞ்சு இருக்கா, அரை யூனிட் கோடு போட்டது எண்டாலும் பரவாயில்லை எண்டு கேட்டன். 0.3 மில்லி சிரிஞ்சில அரை யூனிட்டுக்கும் கோடு போட்டது இருக்கு, பேராதனையில காட்டினவங்க. கடைக்காரர் உள்ள போய் ஒரு பொலித்தீன் பையோட வந்தார். "அக்கா, உங்களுக்கு வேண்டிய சாமான் இதுதான். சின்னப் பிள்ளையளுக்குப் போடுறது. பாருங்க, ஒரு கோடு ஒரு யூனிட், வடிவாத் தெரியும்" எண்டார். உண்மையாவே கோடுகள் நல்ல இடைவெளி விட்டு இருந்தது, எனக்குப் பெரிய சந்தோசம். பெட்டி இல்லை, லூசாப் பத்து, ஒண்டு 250 ரூபா, "ஸ்பெஷலா எடுப்பிச்சது, வேற எங்கயும் எடுக்கேலாது" எண்டு வேற சொன்னவர். பில் கேட்டதுக்கு துண்டு ஒண்டில 2500 எண்டு மட்டும் எழுதித் தந்தார். அப்பவே யோசிச்சிருக்க வேணும்.

முதல் நாள் ஒண்டும் தெரியேல்லை. இரண்டாம் நாள் கொஞ்சம் சோர்வு, வெயிலுக்கு எண்டு விட்டிட்டம். மூண்டாம் நாள் காலமை ஏழு மணிக்கு ஊசி போட்டு, சாப்பிட்டவன்தான், பன்னிரண்டு மணி போல குசினிக்க வந்து நிண்டு தலையை ஆட்டுறான், நடக்க வெளிக்கிட்டு சரிஞ்சு விழுறான், ரெண்டு நிமிசத்தில கை கால் இழுத்து வலிப்பு. மாமிட சீனி பாக்கிற மெசினால காதில குத்திப் பாக்க 31தான். மனுசர்ட மெசின் பூனைக்குக் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டுமாம், ஆனா அந்த நேரத்தில அதுக்கெல்லாம் கணக்குப் பாக்கேலாது தானே. தேனை விரலில தொட்டு ஈறில தேய்ச்சன். வாய்க்க ஊத்தக் கூடாது, புரைக்கேறும், விரலையும் கவனமா வைக்க வேணும், எனக்கு ரெண்டு கடி. இவர் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்த மிருக வைத்தியர் குளுக்கோஸ் ஏத்தித்தான் கண் முழிச்சான்.

பேராதனை டொக்டருக்கு அழுதுகொண்டு கோல் எடுத்தன். இவ்வளவு சின்ன அளவு, பிழை விட்டிருக்க ஏலாது எண்டு நான் நிக்க, அந்தப் பிள்ளை கேட்டுது, "அன்ரி, சிரிஞ்சை ஒருக்கா எடுங்க, அதில கடைசி நம்பர் என்ன?" 40 எண்டன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அன்ரி, நீங்க 1 போடேல்லை, ஒவ்வொரு தரமும் ரெண்டரை போட்டிருக்கிறீங்க."

எனக்கு உடன விளங்கேல்லை, அதால விரிச்சு எழுதுறன். அது யூ-40 சிரிஞ்சு, ஒரு மில்லியில 40 யூனிட் இருக்கிற இன்சுலினுக்குச் செஞ்சது. அதே ஒரு மில்லிக் குழாயில 40 கோடு மட்டும்தான், அதாலதான் கோடு பெருசா, வடிவாத் தெரியுது. அதில ஒரு கோடு 0.025 மில்லி. யூ-100 மருந்தை அதில ஒரு கோட்டுக்கு இழுத்தால் ரெண்டரை யூனிட். ஒரு கோடு ஒரு யூனிட் எண்டு அவர் சொன்னது பொய்யும் இல்லை பாருங்க, எந்த மருந்துக்கு எண்டதுதான் பிழை. என்ன மருந்துக்கு எண்டு அவரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை.

மற்றப் பக்கமாயும் பிழை வரும். இந்தியாவில 40 யூனிட் குப்பி இன்னும் ஓடுது, நாய் பூனைக்கெண்டு வாற கனின்சுலினும் யூ-40. அதை யூ-100 சிரிஞ்சில ஒரு யூனிட் எண்டு இழுத்தால் 0.4 யூனிட்தான் உள்ள போகும், சீனி இறங்காது, மருந்து வேலை செய்யேல்லை எண்டு கூட்டிக்கொண்டே போவீங்க, பிறகு ஒரு நாள் சரியான சிரிஞ்சு கிடைச்சால் அண்டைக்குத்தான் இருக்கு.

அடுத்த நாள் கடைக்குப் போனன். "பூனைக்கா? நாங்க மனுசருக்குத் தானே அக்கா விக்கிறம், பூனைக்கு நடந்ததுக்கு நாங்க என்ன செய்ய" எண்டு பக்கத்தில நிண்ட பொடியனைப் பாத்து ஒரு சிரிப்பு. மனுசருக்கு வித்தால் இன்னும் மோசம் எண்டன், 20 போடுற அம்மாக்கு 50 போனால் என்ன நடக்கும் எண்டு கேட்டன், முகம் கொஞ்சம் மாறினது. ஆனா காசு திருப்பித் தரேல்லை, பில் இல்லையாம்.

மூடி நிறத்தை மட்டும் நம்பாதீங்க. யூ-100க்கு செம்மஞ்சள், யூ-40க்குச் சிவப்பு எண்டு பொதுவாச் சொல்லுவாங்க, ஆனா குசினி லைற்றில ரெண்டும் ஒரே மாதிரித்தான், லூசா வித்தால் மூடி மாறியும் இருக்கலாம். குழாயில யூ எழுத்தோட என்ன நம்பர் எண்டு பாருங்க, மருந்துக் குப்பியிலயும் அதே நம்பர் இருக்க வேணும், பெட்டி இல்லாமல் தந்தால் வாங்காதீங்க. அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி யூ-100 சிரிஞ்சு பிறகு தங்கச்சி கொழும்பில பெட்டியா வாங்கி அனுப்பினவ, அதில 1 யூனிட் எண்டது டோர்ச் இல்லாமலே தெரியுது. பேனா ஊசியும் யோசிச்சம், எங்களுக்குக் கிடைச்சது ஒரு ஒரு யூனிட்டாத்தான் கூடுது, டொக்டர் அரை யூனிட் மாத்தச் சொன்னால் சரிவராது எண்டு விட்டிட்டம்.

பொன்னன் இப்ப பரவாயில்லை. சோத்தை நிப்பாட்டி மீனும் கோழியும்தான், அதுக்கு என்னோட கோவம். மிச்சம் அஞ்சு சிரிஞ்சையும் மாமி மாறி எடுத்திடுவா எண்ட பயத்தில ஊசியை முறிச்சு தடிச்ச பிளாஸ்டிக் போத்தலுக்க போட்டு, மூடியை டேப் சுத்தி ஒட்டி அலுமாரிக்கு மேல வச்சிருக்கிறன்.