வி.எச்.டி. ஃபிளேம்ப்ரூஃப் ஸ்ப்ரே: பெண்ட் பைப்புக்குச் சரி, இன்ஜினுக்கு வேண்டாம்

இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் பெண்ட் பைப்பின் சூட்டில் சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட் புகைந்து உரிந்துவிடும். வி.எச்.டி. ஃபிளேம்ப்ரூஃப் சிலிக்கோன் செராமிக் வகை. 700 டிகிரி செல்சியஸுக்கு மேலும் தாங்கும் என்கிறது டப்பா. அதற்கு ஒரே நிபந்தனை, படிப்படியாகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். உரிந்துபோச்சு என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இதைச் செய்யாதவர்கள்தான்.

துருவைக் கம்பி பிரஷால் எடுத்து, 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடையுங்கள். அதன்பின் வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம்தான் முதலில் கொப்பளிக்கும். குரோம் பைப் என்றால் சொரசொரப்பாகும்வரை தேய்க்காமல் ஒட்டாது. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு மெல்லிய கோட், கடைசியாக ஒன்று கொஞ்சம் ஈரமாக. தடிமனாக அடித்தால் பெயிண்டில் வெடிப்பு விழும்.

பிறகு பதப்படுத்துவது: அவன் (oven) அடுப்பில் 121, 204, 316 டிகிரி. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம், நடுவே அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். சமைக்கும் அவன் அடுப்பு ஆகாது. வண்டியில் மாட்டியே செய்வதென்றால் ஐடிலில் 10 நிமிடம், ஆறியபின் 20, மறுபடி ஆறியபின் 30. ஏர்கூல்டு (காற்றால் குளிரும்) இன்ஜினுக்கு எதிரே ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். இதில் ஒரு குறை: சைலன்சரின் வால்பக்கம் போதுமான சூடேறாது, நகத்தால் கீறினாலே பெயிண்ட் வந்துவிடும்.

இன்ஜின் சூட்டில் இந்தப் பெயிண்ட் முழுதாகப் பதமாகாது, பதமாகாத பெயிண்டில் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். அதனால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்க்கூடான கிராங்க் கேஸுக்கும் 288 டிகிரி வரை தாங்கும் அதே கம்பெனி இன்ஜின் எனாமலை வாங்குங்கள். ஆயில், பெட்ரோல் பட்டாலும் தாக்குப்பிடிக்கும்.